இருசமபக்கச் சரிவகத்தில் தெரியாத மதிப்பைக் கண்டுபிடிப்பது: முழு வழிகாட்டி

சமன்பாட்டைத் தீர்க்க அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. எந்தச் சமன்பாட்டை எழுதுவது என்பதில்தான் மார்க் போகிறது. சரிவகத்தில் 3ய + 11 என்று ஒரு கோணம், 5ய − 7 என்று இன்னொரு கோணம் கொடுத்திருந்தால், இரண்டும் சமம் என்று போடுவதா, கூட்டி 180 என்று போடுவதா? கையைக் கட்டிப்போடுவது இந்தக் கேள்விதான். பெங்களூர் அல்சூரில் சாயங்காலம் என்னிடம் கணக்குப் படிக்க வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இங்கிலீஷ் மீடியம், மீதிப்பேர் கன்னட மீடியம், வீட்டில் எல்லோருக்கும் தமிழ். அவர்களுக்குச் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாவுக்கும் உதவும்.

புத்தகத்தில் டிரபீசியம் என்றிருப்பதும், அமெரிக்க வொர்க்‌ஷீட்டில் டிரபீசாய்டு என்றிருப்பதும் இங்கே நான் சரிவகம் என்று சொல்வதுதான். எக்ஸ் என்று வருகிற இடத்தில் ‘ய’ என்று எழுதுகிறேன்.

முதலில் படம்

கணக்கில் படம் கொடுக்காவிட்டால் நீங்களே வரையுங்கள், கொடுத்திருந்தாலும் ஒரு தடவை வரையுங்கள். கீழே நீளமான கோடு, இடது முனை ஏ, வலது முனை பி. மேலே அதற்கு இணையாகக் கொஞ்சம் குட்டையான கோடு, வலது முனை சி, இடது முனை டி. வரிசையாகச் சுற்றி வந்தால் ஏ, பி, சி, டி. இந்த வரிசையை மாற்றிவிட்டால் அப்புறம் எழுதுகிற ஒவ்வொரு வரியும் தப்பாகும். ஏபியும் சிடியும் இணைப் பக்கங்கள். ஏடியும் பிசியும் சாய்ந்த பக்கங்கள், இந்த இரண்டும் ஒரே நீளமாக இருந்து, ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தால் அது இருசமபக்கச் சரிவகம். ஒரு வாளியைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற உருவத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் இருக்கும்.

‘ஒன்றையொன்று நோக்கி’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இணைகரத்திலும் ஏடியும் பிசியும் சமம்தான், ஆனால் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதற்குக் கீழே சொல்லப்போகிறவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது.

மடித்துப் பாருங்கள்

பண்புகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பரீட்சை அறையில் முதலில் மறப்பது அந்த நம்பர் போட்ட பட்டியல்தான். அதற்குப் பதில் ஒரு தாளில் இந்த உருவத்தை வெட்டி, ஏபியின் நடுப்புள்ளிக்கும் சிடியின் நடுப்புள்ளிக்கும் நேராக மடியுங்கள். ஏ போய் பி மேல் உட்காரும். டி போய் சி மேல் உட்காரும். அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது: மடிக்கும்போது எது எதன் மேல் விழுகிறதோ அவை சமம்.

ஏடி போய் பிசி மேல் விழுகிறது, அதனால் சாய்ந்த பக்கங்கள் சமம். கோணம் ஏ போய் கோணம் பி மேல் விழுகிறது, கோணம் டி போய் கோணம் சி மேல் விழுகிறது. ஏயிலிருந்து சிக்குப் போகும் மூலைவிட்டம் அப்படியே பியிலிருந்து டிக்குப் போகும் மூலைவிட்டத்தின் மேல் விழுகிறது, அதனால் மூலைவிட்டங்களும் சமம். மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளி மடிப்புக் கோட்டின் மேலேயே இருக்கும், ஆனால் அந்தப் புள்ளி மூலைவிட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்காது. செவ்வகப் பழக்கத்தில் இங்கே வழுக்குகிறவர்கள் நிறைய.

மடித்துக் காட்டுவது நிரூபணம் ஆகாது என்று ஒன்பதாவது படிக்கிறவர் கேட்டால் அவர் சொல்வது சரி. என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பல வருடங்களாக இருந்த ஒரு பயிற்சிக் கணக்கே இதுதான். அதில் கொடுத்திருந்த குறிப்பு ரொம்ப அழகானது: ஏபியை வலது பக்கம் நீட்டு, சி வழியாக டிஏவுக்கு இணையாக ஒரு கோடு வரை, அது நீட்டிய கோட்டை ஈ என்ற புள்ளியில் தொடட்டும். இப்போது ஏ, ஈ, சி, டி ஒரு இணைகரம், அதனால் சிஈயின் நீளம் ஏடியின் நீளம், அதாவது பிசியின் நீளம். ஆகவே பி, ஈ, சி ஒரு இருசமபக்க முக்கோணம், அதன் அடிக்கோணங்கள் சமம், அங்கிருந்து கோணம் ஏயும் கோணம் பியும் சமம் என்று இரண்டு வரியில் வந்துவிடும்.

கோணக் கணக்கு: சமமா, 180ஆ?

நாலு கோணத்தில் இரண்டு இரண்டாக எடுத்தால் ஆறு ஜோடி. ஏபி ஜோடி, சிடி ஜோடி, இந்த இரண்டும் மடிப்பில் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறவை, அதனால் சமம். மீதி நாலு ஜோடியும் கூட்டினால் 180°. அவற்றில் ஏயும் டியும், பியும் சியும் ஒரே சாய்ந்த பக்கத்தின் இரு முனைகள், இணைகோடுகளை வெட்டும் கோட்டின் ஒரே பக்கக் கோணங்கள் என்பதால் எந்தச் சரிவகத்திலும் 180°. ஏயும் சியும், பியும் டியும் எதிரெதிர் கோணங்கள், இவை 180° ஆவது இருசமபக்கச் சரிவகத்தில் மட்டும்தான், ஏனென்றால் கோணம் ஏ இருக்கும் இடத்தில் அதற்குச் சமமான கோணம் பியைப் போட்டுக்கொள்ளலாம். எதிர்க் கோணங்கள் 180° என்றால் அது வட்ட நாற்கரம். அதாவது நாலு முனையையும் தொட்டு ஒரு வட்டம் வரையலாம். இது இரண்டு பக்கமும் வேலை செய்யும்: ‘வட்டத்துக்குள் வரையப்பட்ட சரிவகம்’ என்று கணக்கில் இருந்தால், இருசமபக்கம் என்ற சொல்லே இல்லாவிட்டாலும் அது இருசமபக்கச் சரிவகம்தான். பத்தாவது மாதிரி வினாத்தாள்களில் இப்படி ஒளித்துவைத்துக் கேட்பார்கள்.

சரி, தொடக்கத்தில் சொன்ன கணக்கு. கோணம் ஏ = 3ய + 11, கோணம் டி = 5ய − 7. ஏயும் டியும் மடிப்பில் ஒன்றன்மேல் ஒன்று விழாது, இடது பக்கச் சாய்ந்த கோட்டின் இரு முனைகள். எனவே

3ய + 11 + 5ய − 7 = 180
8ய + 4 = 180
ய = 22

கோணம் ஏ 77°, கோணம் டி 103°. கேட்டது யவின் மதிப்பா, கோணமா என்று கேள்வியை மறுபடி பாருங்கள், 22 என்று எழுதி வைத்துவிட்டுக் கோணத்தை எழுதாமல் வருகிறவர்கள் வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள்.

“ரெண்டும் சமம்னு போட்டா என்ன ஆகும் அக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். போட்டுப் பார்ப்போம். 3ய + 11 = 5ய − 7, ய = 9, இரண்டு கோணமும் 38°. அப்படியென்றால் பியும் சியும் 38°, நாலையும் கூட்டினால் 152°. நாற்கரத்துக்கு 360° வரவேண்டும். விடை முழு எண்ணாக அழகாக வந்துவிட்டது என்பதற்காக அதை நம்பாதீர்கள், கணக்குத் தயாரிக்கிறவர்கள் சில நேரம் தப்பான வழிக்கும் முழு எண் வரும்படி வேண்டுமென்றே வைப்பார்கள்.

நீளக் கணக்கு

சாய்ந்த பக்கங்கள் கொடுத்தால் சுலபம். ஏடி = 4ய − 3, பிசி = 2ய + 9 என்றால் சமப்படுத்தி ய = 6, இரண்டும் 21. அதற்குமேல் சுற்றளவு கேட்டால் நாலு பக்கத்தையும் கூட்ட வேண்டியதுதான், சாய்ந்த பக்கத்தை இரண்டு தடவை கூட்ட மறக்காமல் இருந்தால் போதும்.

மூலைவிட்டம் வரும்போது பெரும்பாலும் இருபடிச் சமன்பாடாக வைப்பார்கள். ஏசி = ய² − 5, பிடி = 3ய + 5 என்று வைத்துக்கொள்வோம். ய² − 3ய − 10 = 0, காரணிப்படுத்தினால் (ய − 5)(ய + 2) = 0. ய = 5 என்றால் மூலைவிட்டம் 20. ய = −2 என்றால் மூலைவிட்டம் −1, நீளம் அப்படி இருக்க முடியாது, தள்ளிவிடலாம்.

இங்கே நிறையப் பேர் ‘ய மைனஸில் வந்தால் தள்ளு’ என்று ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்கிறார்கள், அது தப்பு. இந்தக் கணக்கைப் பாருங்கள்: ஏசி = ய² + 1, பிடி = 7 − ய, மேல் பக்கம் சிடி = ய + 4, கீழ்ப் பக்கம் ஏபி = 8. சமப்படுத்தினால் ய² + ய − 6 = 0, ய = 2 அல்லது ய = −3. ய = 2 என்றால் மூலைவிட்டம் 5, மேல் பக்கம் 6. ய = −3 என்றால் மூலைவிட்டம் 10, மேல் பக்கம் 1. இரண்டிலும் எல்லா நீளமும் பிளஸ்தான். எது சரி? 8, 6 என்று இணைப் பக்கம் வைத்துக்கொண்டு 5 நீளத்தில் மூலைவிட்டம் வரைந்து பாருங்கள், எட்டாது. மூலைவிட்டம் எப்போதும் இணைப் பக்கங்களின் கூட்டலில் பாதியைவிட அதிகமாக இருந்தாக வேண்டும், இங்கே பாதி 7. அதனால் ய = 2 போகிறது, மைனஸில் வந்த −3தான் விடை. யவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அதைப் போட்டால் வருகிற நீளங்களைப் பாருங்கள்.

நடுக்கோடு, அதாவது சாய்ந்த பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோடு, இணைப் பக்கங்களின் சராசரி. ஏபி = 7ய − 1, சிடி = 3ய + 1, நடுக்கோடு 4ய + 6 என்றால், கூட்டல் 10ய, பாதி 5ய, 5ய = 4ய + 6, ய = 6. பக்கங்கள் 41, 19, நடுவில் 30. இந்தப் பண்பு எல்லாச் சரிவகத்துக்கும் பொது.

செங்குத்து இறக்குவது

ய ஒன்றும் கொடுக்காமல், உயரம் என்ன, பரப்பளவு என்ன, கீழ்ப் பக்கம் என்ன என்று கேட்கும் கணக்குகள்தான் எனக்குப் பிடித்தவை. இதற்கு வழி ஒன்றே: டியிலிருந்தும் சியிலிருந்தும் கீழே செங்குத்துக் கோடு இறக்குங்கள். நடுவில் ஒரு செவ்வகம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு செங்கோண முக்கோணம். ஒவ்வொரு முக்கோணத்தின் அடியும் இணைப் பக்கங்களின் வித்தியாசத்தில் பாதி. இதை அரை வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது அவ்வளவாக யாரும் சொல்லித்தராத விஷயம். ஏயிலிருந்து தொடங்கி, சிக்கு நேர் கீழே இருக்கும் புள்ளி வரை அளந்தால் எவ்வளவு? ஒரு அரை வித்தியாசமும் மேல் பக்கத்தின் முழு நீளமும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது இணைப் பக்கங்களின் கூட்டலில் சரிபாதி, அரைக் கூட்டல். ஆக ஒரே உயரத்தை வைத்து இரண்டு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது:

அரை வித்தியாசம், உயரம், சாய்ந்த பக்கம்.
அரைக் கூட்டல், உயரம், மூலைவிட்டம்.

இரண்டிலும் பிதாகரஸ். உதாரணத்துக்கு, சாய்ந்த பக்கம் 10, உயரம் 8, மூலைவிட்டம் 17, இணைப் பக்கங்கள் இரண்டும் தெரியாது. முதல் முக்கோணத்தில் 100 − 64 = 36, அரை வித்தியாசம் 6. இரண்டாவதில் 289 − 64 = 225, அரைக் கூட்டல் 15. கூட்டினால் கீழ்ப் பக்கம் 21, கழித்தால் மேல் பக்கம் 9. பரப்பளவு வேண்டுமானால் அரைக் கூட்டலை உயரத்தால் பெருக்குங்கள், 15 × 8 = 120. பரப்பளவுச் சூத்திரம் என்று தனியாகப் படித்தது இதே அரைக் கூட்டல்தான்.

உயரமே கொடுக்காவிட்டால்? இரண்டு முக்கோணத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் உயரம் அடிபட்டுப்போய் இது மிஞ்சும்:

மூலைவிட்டம்² = சாய்ந்த பக்கம்² + மேல் பக்கம் × கீழ்ப் பக்கம்

மேலே உள்ள எண்களில் சரிபாருங்கள், 100 + 21 × 9 = 289, அது 17². வட்ட நாற்கரத்துக்கான தாலமி தேற்றம் (மூலைவிட்டங்களின் பெருக்கல், எதிர்ப் பக்க ஜோடிகளின் பெருக்கல்களைக் கூட்டினதற்குச் சமம்) இருசமபக்கச் சரிவகத்தில் இந்த உருவம் எடுக்கிறது. பள்ளிப் பாடத்தில் இது தனியாக வராது, ஆனால் விடையைச் சரிபார்க்க இதைவிட வேகமான வழி கிடையாது.

அடிக்கோணம் 60° என்று கொடுத்தால் இன்னும் சுலபம். அரை வித்தியாசம் சாய்ந்த பக்கத்தில் பாதியாகிவிடும், அதனால் கீழ்ப் பக்கம் = மேல் பக்கம் + சாய்ந்த பக்கம். மேலே 7, சாய்ந்த பக்கம் 12 என்றால் கீழே 19, பேனா எடுக்கவே வேண்டாம்.

மூலைவிட்டம் வெட்டும் இடம்

மூலைவிட்டங்கள் எந்த உயரத்தில் வெட்டிக்கொள்கின்றன என்பதை கி.பி. 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியிலேயே ஆரியபட்டர் சொல்லிவிட்டார், பரப்பளவு சொல்கிற அதே சுலோகத்தில். ஒரு இணைப் பக்கத்தை உயரத்தால் பெருக்கி, இரண்டு இணைப் பக்கங்களின் கூட்டலால் வகுத்தால், அந்தப் பக்கத்திலிருந்து வெட்டுப்புள்ளி இருக்கும் தூரம். நம்முடைய 21, 9, உயரம் 8-ல் போட்டால் கீழிருந்து 21 × 8 ÷ 30 = 5.6, மேலிருந்து 9 × 8 ÷ 30 = 2.4, கூட்டினால் 8. மூலைவிட்டமும் அதே 21 : 9 விகிதத்தில்தான் பிரியும், 17 என்பது 11.9, 5.1 என்று. மேலும் கீழும் இருக்கும் இரண்டு முக்கோணங்களும் வடிவொத்தவை என்பதுதான் காரணம். ‘வெட்டுப்புள்ளி ஓ, ஏஓ = 3ய + 6, பிஓ = 5ய − 4’ என்று கேட்டால் இந்த விகிதம் எதுவும் தேவையில்லை. மடித்தால் ஏஓ போய் பிஓ மேல் விழுகிறது, சமப்படுத்துங்கள், ய = 5.

கால்வாய்க் கணக்கு

பெங்களூரில் ஒரு ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகிற கால்வாயை ராஜகாலுவே என்பார்கள். இப்போது பல இடங்களில் நேர்ச்சுவர் கான்கிரீட்டாக ஆகிவிட்டாலும், மண்ணில் வெட்டும் கால்வாய்க்குக் கரை சரிந்து விழாமல் இருக்கப் பக்கங்களைச் சாய்வாகத்தான் வெட்டுவார்கள், குறுக்கே வெட்டிப் பார்த்தால் இருசமபக்கச் சரிவகம், குட்டைப் பக்கம் அடியில். சிவில் படிக்கிறவர்களுக்கு இது தினசரிக் கணக்கு.

அடி அகலம் 2 மீட்டர், கரை ஒரு மீட்டர் உயர்ந்தால் ஒன்றரை மீட்டர் வெளியே போகிறது, குறுக்குப் பரப்பு 10 சதுர மீட்டர் வேண்டும், எவ்வளவு ஆழம் வெட்டுவது? ஆழம் ய என்றால் அரை வித்தியாசம் 1.5ய. மேல் அகலம் 2 + 3ய, அரைக் கூட்டல் 2 + 1.5ய. எனவே

(2 + 1.5ய) × ய = 10
1.5ய² + 2ய − 10 = 0

சூத்திரத்தில் போட்டால் வர்க்கமூலத்துக்குள் 4 + 60 = 64, ய = (−2 + 8) ÷ 3 = 2. இன்னொரு விடை மைனஸ், இங்கே ய என்பதே ஆழம் என்பதால் இந்தத் தடவை யோசிக்காமல் தள்ளலாம். ஆழம் 2 மீட்டர், மேல் அகலம் 8 மீட்டர், சரிபார்த்தால் 5 × 2 = 10.

நீங்களே போட்டுப் பார்க்க

கோணம் பி = 2ய + 30, கோணம் டி = 4ய. எதிர்க் கோணங்கள், ஆகவே கூட்டல் 180, ய = 25, கோணங்கள் 80°, 100°.

சிடி = ய, ஏபி = 2ய + 4, சாய்ந்த பக்கம் ஒவ்வொன்றும் ய + 2, சுற்றளவு 48. பரப்பளவு? ய = 8, பக்கங்கள் 8, 20, 10, 10, அரை வித்தியாசம் 6, உயரம் 8, பரப்பளவு 112.

இணைப் பக்கங்கள் 14, 6, மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுகின்றன, உயரம்? மூலைவிட்டம் அடிப் பக்கத்தோடு 45° செய்யும், அதனால் உயரமும் அரைக் கூட்டலும் ஒன்றே, 10. பரப்பளவு 100.

கடைசியாகக் கொஞ்சம் பழைய கணக்கு. வேள்வி மேடைகளை அளந்து கட்டச் சொல்லித்தரும் பழைய நூல்களான சுல்ப சூத்திரங்களில் வரும் மகாவேதி என்ற மேடை ஒரு இருசமபக்கச் சரிவகம், ஒரு இணைப் பக்கம் 24, இன்னொன்று 30, உயரம் 36. பரப்பளவும் சாய்ந்த பக்கமும் கண்டுபிடியுங்கள். அந்த நூல்களில் ஒன்றான ஆபஸ்தம்ப சுல்ப சூத்திரம் இதற்குக் கணக்குச் சூத்திரம் எதுவும் போடவில்லை. ஒரு ஓரத்து முக்கோணத்தை வெட்டி, திருப்பி, மறு ஓரத்தில் ஒட்டச் சொல்கிறது. ஒட்டினால் 27க்கு 36 செவ்வகம், பரப்பளவு 972. அரை வித்தியாசம் 3, ஆகவே சாய்ந்த பக்கம் √1305, கிட்டத்தட்ட 36.12.